பிரதமரை மாற்றுவோர் யார்?



அவுஸ்திரேலியாவில் 1924 முதல் வாக்களித்தல் சட்டப்படி கட்டாயம். ஆயினும், 2010 முதல் 2018 வரை பதவியிலிருந்த பிரதமரை நான்கு முறை வீழ்த்தியது ஆளுங்கட்சி உறுப்பினரின் கூட்ட அறையே. சட்டம் அதனைத் தடுக்கவில்லை. அந்நாட்டு அரசியலமைப்பிற் பிரதமர் என்னும் பதவி குறிப்பிடப்படவேயில்லை. அதனால் வாக்களித்தவர் மனம் ஆறிவிடுமா?

விக்டோரியாவில், கமக்காரர் நிறைந்த இண்டித் தொகுதி மக்கள் வெறுப்புற்று ஒதுங்கவில்லை. அடுக்களை மேசைகளைச் சுற்றியமர்ந்து தம் குறைகளைப் பேசினர். 2013இல் கதி மக்கோவன் என்னும் சுயேச்சை வேட்பாளரை 439 வாக்குகளால் வெல்லச் செய்தனர்.

கட்சிப் பணி புரியும் எம்மையும் இப்பாடம் சுடுகின்றது. தலைவரை வைதல் எளிது. ஊர்தோறும் கூடி அவரிடம் கணக்குக் கேட்பதே குடியாட்சி. எம்மிடமும் கேளுங்கள்!