பெயரைக் கேட்டு விழுந்த அடி

காசுத் தகராறில் ஒருவருக்கு மண்டை உடைந்தால், பக்கத்துக் கடை திறந்தேதான் இருக்கும். 'நீ தமிழனா?' என்று கேட்டு அடித்தால், தெரு முழுக்கத் தகரக் கதவு இறங்கிவிடும்.

2000 ஒக்டோபர் 25ஆம் திகதி, இலங்கையின் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கும்பலொன்று கொன்றது. சில நாட்களில் கலவரம் நம் தலவாக்கலைக்கும் வந்துவிட்டது. கொழுந்துக் கூடையோடு மலையேறும் அம்மா யாரோடும் சண்டை போட்டவர் அல்லர். ஆனாலும் பஸ் ஏறுமுன் பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய பயம் அவருக்கு. இனம் கேட்டு அடிப்பது அடிபடாதவரையும் இப்படிக் காயப்படுத்துவதால்தான், பல நாடுகளில் சட்டம் அடியை மட்டுமன்றி நோக்கத்தையும் பார்க்கிறது.

இலங்கையின் 2007ஆம் ஆண்டு 56ஆம் இலக்கச் சட்டப்படி, இன, மத வெறுப்பைப் பரப்பி வன்முறையைத் தூண்டினால் 10 ஆண்டு வரை கடூழியச் சிறை. அந்தச் சட்டம் வருமுன் நடந்த பிந்துனுவெவ வழக்கிலோ, மரண தண்டனை பெற்றிருந்தவர்களையும் உயர் நீதிமன்றம் 2005இல் விடுவித்தது. பிள்ளைகளைக் கொன்றது யார் என்ற தாய்மாரின் கேள்வி அப்படியே நிற்கிறது.