தொழில்புரி மகளிர்க்கு ஊர்தோறும் ஒரு கூட்டம்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மகளிர் முன்னேற்றம் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தனர். அது கடலனைய பொருள். அதன்கண் ஒரு துறையில் மட்டும் இறங்குவோம். கற்றுப் பட்டம் பெற்று, உத்தியோகத்திலும் தொழிலிலும் அமர்ந்திருக்கும் மகளிர், தத்தம் ஊரில் ஒருவரையொருவர் அறிந்து உதவிக்கொள்ளும்பொருட்டுக் கூட்டம் காண்பது எவ்வாறு, கண்ட பின் அதனை நடத்துவது எவ்வாறு என்பதே அத்துறை.

நம்போன்ற சங்கங்கள் பெண்மக்களுக்கு உபகாரச் சம்பளம் அளிக்கின்றன. தேர்ச்சி பெற்றார்க்குப் பரிசு வழங்கிப் படமும் அச்சிடுகின்றன. அம்மட்டோடு கடமை முற்றிற்றென்று இருந்துவிடுகின்றோம். ஆயின், துணை மிகவும் வேண்டப்படுவது அதற்குப் பின்னரன்றோ? எம்மிடம் பயின்ற மாணவியருள் பொறியியல் கற்றார் உளர். சட்டம் கற்றார் உளர். வங்கியில் அமர்ந்தாரும் உளர். அவருட் சிலர் மணமாகிப் பிள்ளை பிறந்தவுடன் வேலையை விட்டனர். காரணம் வினவியபோது, "யாரைக் கேட்பதென்று தெரியவில்லை, ஐயா" என்பதே பலரும் கூறிய விடை. அறிவின் குறையன்று, ஊக்கத்தின் குறையுமன்று. கேட்பதற்கு ஓர் ஆளில்லாக் குறையே அது.

ஆடவனுக்கு அக்குறை இல்லை. அவன் அலுவல் முடிந்து வீடு திரும்புமுன் தேநீர்க் கடையிலும் கடைத்தெருவிலும் மன்றத்திலும் பத்துப்பேரைக் காண்கின்றான். எவ்விடத்தில் வேலை காலியாகவுள்ளது, எந்த அதிகாரி நேர்மையானவர், எந்த வங்கியிற் கடன் எளிதிற் கிட்டும் என்னும் செய்திகள் அவன் செவியில் தாமே விழுகின்றன. பெண்ணோ அலுவலகத்தினின்று நேரே அடுக்களைக்கு வருகின்றாள். ஆடவர்க்குத் தெருவே அளிக்கும் உதவியை மகளிர் முயன்று அமைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. திருவள்ளுவரும் அரசியலில் 'பெரியாரைத் துணைக்கோடல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். அரசர்க்கே துணை வேண்டுமெனின், ஊதியத்திற்கு உழைக்கும் பெண்ணுக்கு வேண்டாவோ?

இம்முயற்சி புதியதன்று. அமெரிக்காவிலே பபலோ நகரில் 1919 ஆம் ஆண்டில் 'சோண்டா' என்னும் மகளிர் சங்கம் தோன்றிற்று. அவ்வாண்டிலேயே செயின்ட் லூயி நகரில் தொழில், உத்தியோக மகளிர் சங்கங்களின் கூட்டிணைப்பு ஏற்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1930 இல் ஜெனீவாவில், லீனா மேடசின் பிலிப்ஸ் என்னும் வழக்கறிஞர் அம்மையாரின் முயற்சியால், பல நாட்டினரையும் தழுவிய இணைப்பு உருவாயிற்று.

நம் நாட்டிலும் 1917 இல், சென்னை அடையாற்றில், இந்திய மாதர் சங்கம் நிறுவப்பெற்றது. அன்னிபெசன்ட் அம்மையார் தலைமை தாங்க, மார்கரெட் கசின்ஸ், டாரதி ஜினராஜதாசர் முதலியோர் அதற்கு உழைத்தனர். அச்சங்கத்திற் பணிபுரிந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1927 இல் சென்னைச் சட்டமன்றம் புகுந்தார். தனியொரு பெண் சென்று தட்டினால் திறவாத கதவு, சங்கமாய்ச் சென்று தட்டிய மகளிர்க்குத் திறந்தது.

இன்னுமோர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். இளமையிலேயே கணவனை இழந்து, கைக்குழந்தையோடு நின்ற அ. லலிதா அம்மையார், கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்று மின்பொறியாளர் ஆனார். நம் நாட்டின் முதற் பெண் பொறியாளர்களுள் அவர் ஒருவர். 1964 இல் நியூயார்க்கில் நிகழ்ந்த பெண் பொறியாளர், விஞ்ஞானியர் முதல் உலக மாநாட்டிற்கு அவர் சென்றார். மறு ஆண்டில் இலண்டனிலுள்ள மகளிர் பொறியியற் சங்கத்தின் உறுப்பினரும் ஆனார். தம்மையொத்த தொழிலினரைக் காண அவர் கடல் கடந்து செல்ல நேர்ந்தது. இன்று நம் ஊரிலேயே பெண் பொறியாளர் பலர் வாழ்கின்றனர். எனினும் ஒருவரையொருவர் அறியார். இது வருந்தத்தக்கதன்றோ?

இனி, இவ்வவையில் எழக்கூடிய ஒரு வினாவுக்கு விடையிறுத்தல் வேண்டும். "இக்கூட்டத்தை நம் சங்கத்தின் மகளிர் கிளையாக, நம் சமூகப் பெண்டிர்க்கு மட்டும் அமைத்தாலென்?" என்று சிலர் வினவக்கூடும். அன்பினால் எழும் வினாவே. ஆயினும் பயன் தாராது என்பது எம் துணிபு. என்னை? உறவினரும் ஒரு குலத்தினரும் பெரும்பாலும் ஒரே செய்தியையே அறிந்திருப்பர். மாமன் அறிந்ததை மைத்துனனும் அறிவான். புதிய செய்தி, அயலான் வாயிலிருந்தே வரும்.

இது வெறும் ஊகமன்று. மார்க் கிரனோவெட்டர் என்னும் அமெரிக்க அறிஞர், நியூட்டன் நகரில், அறிமுகமானவர் வாயிலாக வேலை பெற்ற உத்தியோகத்தரை வினவி, 1973 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தமக்கு வேலைச் செய்தி தந்தவரை அடிக்கடி கண்டு பழகியவர் நூற்றுக்குப் பதினெழுவர் அளவினரே. எப்போதாவது கண்டு பழகியவர் ஐம்பத்தறுவர் அளவினர். மிக அரிதாகக் கண்டவர் இருபத்தெண்மர் அளவினர். நெருங்கிய உறவினும் மெல்லிய அறிமுகமே செய்தி கொணர்ந்தது. அவர் வினவியது ஆடவரையே எனினும், வீட்டையும் உறவையும் தாண்டிப் பழகும் வாய்ப்புக் குறைந்த மகளிர்க்கு இவ்வுண்மை மிகுதியும் பொருந்தும். ஆதலின் கூட்டம் ஊரின் பெயரால் அமைக. குலத்தின் பெயரால் அன்று. நம் வீட்டுப் பெண் அதனால் இழப்பதொன்றுமில்லை. ஊரனைத்தையும் துணையாகப் பெறுவாள்.

நிற்க. தொடங்கும் முறையைக் கூறுவோம். ஐவர் அல்லது அறுவர் போதும். அவர் வெவ்வேறு தொழிலினராதல் நன்று: ஓர் ஆசிரியை, ஒரு செவிலி, ஒரு வழக்கறிஞர், ஒரு கணக்காளர், கடையொன்று நடத்துவார் ஒருவர். ஒவ்வொருவரும் மேலும் இருவரை அழைத்து வருக. இடம் பேருந்து எளிதிற் செல்லும் பொதுவிடமாதல் வேண்டும். பள்ளி அறையோ நூலகமோ ஏற்றது. ஒருவர் வீட்டிற் கூடின், அவ்வீட்டார்க்குச் சிற்றுண்டிச் சுமையும் ஏனையோர்க்குக் கூச்சமும் விளையும். மாதம் ஒருமுறை, குறித்த நாளில், ஒன்றரை மணிநேரம் கூடுக. தொடங்கும் நேரத்தினும் முடியும் நேரத்தைக் காத்தல் இன்றியமையாதது. வீட்டில் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லி வந்தவள் ஐந்து மணிக்குச் சென்று சேர்ந்தாலன்றி மறுமாதம் வரவியலாது. குழந்தையோடு வருவாரைத் தடுக்கலாகாது.

கூட்டத்தின் நடைமுறை எளியதாக இருத்தல் வேண்டும். வந்தவர் ஒவ்வொருவரும் மூன்று செய்தி கூறுக: யான் செய்யும் தொழில் இது, எனக்கு வேண்டுவது இது, பிறர்க்கு என்னால் இயல்வது இது. இவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அடுத்த கூட்டத்தில், சென்ற மாதம் கேட்டது கிடைத்ததா என முதற்கண் வினவுக. இக்குறிப்பேடே கூட்டத்தின் உயிர். சொற்பொழிவுகள் மிகுந்து குறிப்பேடு மறைந்த கூட்டம் ஓராண்டுக்கு மேல் நில்லாது. வாட்ஸ்அப் குழு நாளும் இடமும் அறிவிக்கப் பயன்படும். நேரிற் காண்பதற்கு அஃது ஈடாகாது.

தருமபுரி மாவட்டத்தில் 1989 இல் தொடங்கிப் பரவிய சுய உதவிக் குழுக்களை நாம் அறிவோம். அவை சேமிப்பும் கடனும் பற்றி எழுந்தவை. யாம் கூறும் கூட்டத்திற்குப் பணம் முதலன்று. அறிவும் அறிமுகமுமே முதல். பணியிடத்துப் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013 இல் சட்டம் வந்தது. பத்துப் பேர்க்குக் குறைந்த இடத்திற் பணிபுரியும் பெண்ணும் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம் என்பது அச்சட்டம். சிறு கடையிற் கணக்கெழுதும் பெண்ணுக்கு இதனை யார் உரைப்பார்? அக்கூட்டத்திலுள்ள வழக்கறிஞர் அம்மையார் ஐந்து நிமிடத்தில் உரைப்பார்.

தலைமை பற்றிச் சில. தலைவி என்பாள் மிகுதியாகப் பேசுபவள் அல்லள். புதிதாக வந்து மூலையில் அமர்ந்தவளைக் கைப்பற்றி, அவளுக்கு வேண்டியவரிடம் கொண்டு சேர்ப்பவள். பதவி ஓராண்டே இருத்தல் நலம். துணைத்தலைவி மறு ஆண்டு தலைவியாகுக. ஒருவர் தோளிலேயே நிற்கும் கூட்டம் அவர் ஊர் மாறிச் சென்ற அன்றே சாயும். சந்தா சிறிதாயினும் கணக்கு மாதந்தோறும் படிக்கப்பெறல் வேண்டும். கூட்டத்தில் ஒருத்தி தன் மேலதிகாரியைப்பற்றியோ வீட்டைப்பற்றியோ கூறியது வெளியிற் செல்லலாகாது. இவ்வொரு விதி பிழைப்பின் கூட்டமே பிழைத்துவிடும். கூட்டம் வளர்ந்தபின், 1975 ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்துகொள்க. தொடக்கத்திலேயே முத்திரையும் பெயர்ப்பலகையும் தேடியலைதல் வேண்டா.

"பெண்டிர் கூடின் வம்பு விளையும், வீட்டுவேலை கெடும்" என்பார்க்கு ஒன்று கூறுவோம். நாம் தேநீர்க் கடையிற் கழிக்கும் பொழுதெல்லாம் வம்பின்றியே கழிகின்றதோ? மாதத்திற்கு ஒன்றரை மணிநேரம் அடுக்களையை நாம் பார்த்துக்கொண்டால் எந்த வீடும் கெடாது.

நம் சங்கம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. இம்மண்டபத்தை மாதம் ஒருநாள் அக்கூட்டத்திற்கு வாடகையின்றித் தருக. எக்குலத்துப் பெண்ணும் வந்தமரத் தருக. கதவைத் திறந்து, விளக்கேற்றி, நாற்காலி இட்டபின் நாம் அகன்று நிற்போம். மேடையில் நமக்கென ஓர் இருக்கை கேளாதிருப்போம். உபகாரச் சம்பளம் பெற்ற பெண் கல்லூரி புகுந்தாள். அவள் பெற்ற கல்வி வாழ்நாள் முழுதும் பயன்தர வேண்டுமாயின் இவ்வுதவியும் அவளைச் சேர்தல் வேண்டும். செயற்குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக நிறைவேற்றுமாறு வேண்டுகின்றோம்.