கேஸ் அடிக்கும் முன் இரண்டு முள்ளையும் பாருங்கள்

வெயில் வந்தால் நம் பார்க்கிங்கில் ஒரே பேச்சு: "கார் ஏசி கூல் ஆகலை, கேஸ் அடிக்கணும்." அவசரப்படாதீர்கள். நான் பேங்க்காரன், பற்று, வரவு இரண்டையும் பார்க்காமல் பாக்கி சொல்ல மாட்டேன்.

மெக்கானிக் கேஜ் மாட்டி, ஏசி ஓடும்போது பாருங்கள். ஆர்-134ஏ கேஸ் வண்டியில், 35 டிகிரி வெயிலில், நீல முள் சுமார் 35-45, சிவப்பு 200-250 பி.எஸ்.ஐ. காட்டும். இரண்டுமே குறைவா? பெரும்பாலும் கசிவுதான், முதலில் அதை அடைக்கச் சொல்லுங்கள். நீலம் ஏறி, சிவப்பு இறங்கினால் கம்ப்ரஸர் தேய்ந்திருக்கலாம்.

இரண்டுமே அதிகம், பனகல் பார்க் சிக்னலில் நின்றால் சூடு, வண்டி ஓடினால் குளிர்ச்சியா? கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா, தூசி அடைத்திருக்கிறதா பாருங்கள். இதற்குமேல் கேஸ் அடித்தால் பிரஷர் இன்னும் ஏறும், கம்ப்ரஸருக்குத்தான் ஆபத்து. தேவையான அளவு பல வண்டிகளில் பானெட்டுக்குள் ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் இருக்கும். எடை போட்டே ஏற்றச் சொல்லுங்கள்.