தனியாளுக்குத் துணை ரீப்பர் கட்டை

சமையலறைச் சுவரில் அலமாரி மாட்ட வழக்கமாக இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தூக்கிப் பிடிப்பார், மற்றவர் திருகுவார். தனியாகச் செய்பவருக்கு அந்த இரண்டாவது ஆள், ஒரு ரீப்பர் கட்டை.

அலமாரியின் அடிப்பக்கம் எங்கே வருமோ, அங்கே சுவரில் ஒரு கோடு போட வேண்டும். ரசமட்டம் வைத்துத்தான் போட வேண்டும். தரையிலிருந்து அளந்தால் போதாது. எந்த வீட்டுத் தரையும் முழு மட்டமாக இருப்பதில்லை. கோட்டுக்குக் கீழே ரீப்பர் கட்டையைத் திருக வேண்டும். கதவு, தட்டுகளைக் கழற்றினால் அலமாரியின் பாரம் வெகுவாகக் குறையும். வெறும் பெட்டியைக் கட்டைமேல் உட்கார வைக்கலாம். பாரத்தைக் கட்டை தாங்கும். முன்னால் சாயாமல் இருக்க ஒரு முட்டுக்கழி போதும்.

பெட்டியின் பின்சட்டம் வழியாகச் சுவரில் குறி வைத்து, பெட்டியை இறக்கிவிட்டுத் துளை போட வேண்டும். சுவிட்சுக்கு நேர் மேலே துளை கூடாது. உள்ளே மின்கம்பி ஓடும். துளை பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போக வேண்டும். பூச்சில் மட்டும் நிற்கும் திருகு, பாத்திரம் ஏறியதும் பெயர்ந்துவிடும். துளையில் பிளாஸ்டிக் பிளக் செருகி, பெட்டியை மீண்டும் கட்டைமேல் ஏற்றித் திருக வேண்டும். ரீப்பரைக் கழற்றுவது அதன் பிறகுதான். அது விட்டுப்போகும் துளைகளை வெள்ளைச் சிமெண்டால் அடைத்துவிடலாம்.