கருப்பு வீரனும் வெள்ளைப் பட்டமும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு குத்துச்சண்டைக்காரரின் கதை. சுயமரியாதை மேடையில் குத்துச்சண்டைக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். பிறவியிலேயே நாங்கள் உயர்ந்தவர்கள் என்று சொல்லுகிறவனை, "சரி, பரீட்சை பார்ப்போம் வா" என்று அழைத்தால் அவன் என்ன செய்கிறான் என்பதற்கு இதைப்போல் ருசு கிடைப்பது அருமை. அதனால்தான் இதைச் சொல்ல வந்தேன்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தில் கால்வெஸ்டன் என்ற துறைமுகப் பட்டணத்திலே 1878-ம் வருஷம் ஜாக் ஜான்சன் பிறந்தார். தாய் தகப்பனார் இருவரும் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். படிப்பு கொஞ்சந்தான். துறைமுகத்தில் கூலிவேலை செய்து, பிறகு கையை மடக்கிப் பிழைக்கத் தொடங்கினார்.

அக்காலத்தில் கருப்பரும் வெள்ளையரும் சில்லறைப் பந்தயங்களில் மோதுவதுண்டு. ஆனால் கனத்த எடைக்காரருக்கான உலகப் பட்டத்துக்கு மட்டும் கருப்பர் கிட்ட வரக்கூடாது. ஜான் சல்லிவன் என்ற சாம்பியன், கருப்பரோடு சண்டையிட மாட்டேன் என்று பகிரங்கமாகவே சொன்னவர். ஜிம் ஜெஃப்ரீஸ் என்பவரும் ஜான்சனை எதிர்க்காமலே 1905-ல் பட்டத்தோடு ஓய்வெடுத்துக்கொண்டார். இதற்குச் சட்டம் ஏதாவது உண்டா என்றால், இல்லை, சம்பிரதாயமாம்! நம்மைக் கோயில் வாசலில் நிறுத்தினவர்கள் சொன்ன அதே சொல்!

பிறகு பட்டத்தை வைத்திருந்தவர் கனடா தேசத்து டாமி பர்ன்ஸ். ஜான்சன் அவரைத் துரத்திக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனார். அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் போனார். கடைசியில் சம்பிரதாயத்தை உடைத்தது தர்ம நியாயமல்ல, பணம். பர்ன்ஸுக்கு 30,000 டாலர் என்று பேசினவுடன் அவர் சம்மதித்தார். ஜெயிக்கப்போகிற ஜான்சனுக்கோ 5,000 தான். 1908 டிசம்பர் 26-ந் தேதி சிட்னி நகரத்தில் சண்டை நடந்தது. 14-வது சுற்றில் பர்ன்ஸ் படும் பாட்டைப் பொறுக்கமாட்டாமல் போலீசார் புகுந்து நிறுத்தினார்கள். படம் பிடித்துக்கொண்டிருந்த இயந்திரத்தையும் நிறுத்திவிட்டார்கள். வெள்ளையன் விழுவது படத்தில் விழக்கூடாதல்லவா?

உடனே வெள்ளைப் பத்திரிகைகள் அலற ஆரம்பித்தன. நாவலாசிரியர் ஜாக் லண்டன், பொதுவுடைமை பேசினவர், அவரே ஜெஃப்ரீஸ் பண்ணையை விட்டு எழுந்து வரவேண்டுமென்று எழுதினார். சமத்துவம் பேசுகிற பெரிய மனிதருக்கும் நிறம் என்று வந்தால் புத்தி எங்கே போகிறது பாருங்கள்! ஜெஃப்ரீஸும் வந்தார். வெள்ளையன் மேலானவன் என்று நிரூபிக்கவே வருவதாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

1910 ஜூலை 4-ந் தேதி, அமெரிக்காவின் சுதந்திர தினத்தில், நெவாடா மாகாணத்து ரீனோ நகரில் பரீட்சை நடந்தது. அதுவரை கீழே விழுந்தறியாத ஜெஃப்ரீஸ் 15-வது சுற்றில் விழுந்தார், எழுந்தார், மறுபடியும் விழுந்தார். அவருடைய ஆட்களே போதும் என்று நிறுத்தினார்கள். ஒன்று சொல்லவேண்டும்: தன்னுடைய நல்ல காலத்திலுங்கூட ஜான்சனை வென்றிருக்க முடியாது என்று ஜெஃப்ரீஸே பிற்பாடு ஒப்புக்கொண்டார். அடி வாங்கினவருக்கு இருந்த யோக்கியதை வேடிக்கை பார்த்தவர்களுக்கு இல்லை. அன்றிரவே பல ஊர்களில் கருப்பர்மீது பாய்ந்தார்கள்; பலர் கொல்லப்பட்டார்கள். அந்தச் சண்டைப் படத்தைக் காட்டக்கூடாதென்று ஊருக்கு ஊர் தடை வந்தது. 1912-ல் காங்கிரஸ் சபையே, குத்துச்சண்டைப் படங்களை மாகாணம் விட்டு மாகாணம் கொண்டுபோகக்கூடாதென்று சட்டம் செய்தது. தோற்ற பிறகு ஞாபகம் வந்தது சட்டம்!

மேடையில் முடியாததைக் கோர்ட்டில் முடித்தார்கள். ஜான்சன் வெள்ளைக்காரப் பெண்களோடு பழகினார், மணந்தார். ஒளிவுமறைவில்லாமல் நல்ல உடுப்பு உடுத்தி மோட்டாரில் போனார். இதுதான் பெரிய குற்றம். ஒழுக்கக்கேட்டுக்காகப் பெண்களை மாகாணம் கடத்துகிறவர்களுக்கென்று செய்த ஒரு சட்டத்தை அவர்மேல் ஏவினார்கள். ஜூரிகள் அத்தனை பேரும் வெள்ளையர். 1913-ல் ஒரு வருஷமும் ஒரு நாளும் சிறை என்று தீர்ப்பாயிற்று. அவர் தேசம் விட்டுத் தப்பிப்போனார்.

நான் அவதார புருஷர் கதை சொல்லவில்லை, தோழர்களே. ஜான்சனிடமும் குறையுண்டு. சாம் லாங்ஃபோர்ட் போன்ற வல்லமையுள்ள கருப்பர்கள் பட்டத்துக்குச் சவால் விட்டபோது அவர் இடங்கொடுக்கவில்லை. வெள்ளையரோடு மோதினால்தான் வரும்படி அதிகம். 1913-ல் பாரிஸில் ஒரே ஒரு கருப்பரோடு மட்டும் பட்டத்துக்குச் சண்டையிட்டார். தான் நுழைந்த கதவைத் தன் இனத்தானுக்குத் திறந்துவிடாதவர் என்று அவரைக் குறைசொன்னால் தப்பில்லை.

1915-ல் ஹவானாவில் 26-வது சுற்றில் ஜெஸ் வில்லர்டிடம் பட்டத்தை இழந்தார். 1920-ல் திரும்பி வந்து தண்டனையை அனுபவித்தார். 1946-ல் மோட்டார் விபத்தில் மாண்டார். அவருக்கு மன்னிப்பளிப்பதாக அமெரிக்க ஜனாதிபதி கையெழுத்திட்டது 2018-ல். செத்து 72 வருஷத்துக்குப் பிறகு!

பட்டமோ, வில்லர்டிடம் போன பிறகு 22 வருஷம் வெள்ளையர் கையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. 1937-ல் ஜோ லூயிஸ் என்ற கருப்பர் அதை வாங்கினார். அவருக்கு அவருடைய நிர்வாகிகள் முன்கூட்டியே நிபந்தனை போட்டிருந்தார்கள்: வெள்ளைக்காரப் பெண்ணோடு நின்று படம் எடுத்துக்கொள்ளக்கூடாது, விழுந்தவனைப் பார்த்துச் சந்தோஷம் காட்டக்கூடாது.