பழைய காருக்கு அசல் பாகம்: எண்ணைப் பார்த்து வாங்குங்க



ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் 1961-ல் சென்னையில் தயாராக ஆரம்பித்தது. இன்றைக்கு அந்தக் கம்பெனி இல்லை. கதவோ பம்பரோ அசலாக வேணும்னா, ஓடாமல் நிற்கும் இன்னொரு ஹெரால்டில்தான் கழற்றணும். இந்தக் காரில் சேஸிஸ் தனி, பாடி தனி. போல்ட் போட்டு முடுக்கியிருப்பாங்க. அதனால கேஸ் கட்டர் வேண்டாம். துருப்பிடித்த போல்ட்டில் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்க. கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்துக்குங்க. திரும்ப மாட்டும்போது உதவும்.

என்ஜின், சேஸிஸ் விஷயத்தில் கூடுதல் கவனம் வேணும். அதில் அடித்திருக்கும் எண்தான் வண்டியின் அடையாளம். புதுப்பேட்டையோ, உங்க ஊர்க் காயலான் கடையோ, ஆர்.சி. நகலைக் கேட்டு எண்ணை ஒப்பிடுங்க, பில் வாங்குங்க. எண்ணைச் சுரண்டியிருந்தா, சும்மா கொடுத்தாலும் வாங்காதீங்க. அது திருட்டு வண்டியாக இருக்கலாம். என்ஜினை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று, ஆர்.சி.யிலும் பதியணும்.

2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டிக்கு 'வின்டேஜ்' பதிவு உண்டு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்தால் அந்தத் தகுதி போயிடும்.

உங்க வண்டியையே உடைக்கக் கொடுக்கிறீங்களா? 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து, ஆர்.சி.யை ஒப்படைச்சுப் பதிவை ரத்து செய்யுங்க. இல்லேன்னா, அந்த நம்பரில் யாரோ ஓட்டும் வண்டிக்கு நீங்க பதில் சொல்ல வேண்டி வரும்.