வயதும் இரத்த அழுத்தமும்



"வயதோடு நூறைக் கூட்டிக்கொள், அதுவே உனக்குரிய பிரஷர்" என்னும் பேச்சு நம் வீடுகளில் இன்னும் வழங்கி வருகிறது. அறுபது வயதுக்கு 160, எழுபதுக்கு 170 என்று நாமே கணக்குப் போட்டு நிம்மதி அடைகிறோம். இக்கணக்கு சரிதானா?

இருதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது இரத்தக் குழாயில் உண்டாகும் அழுத்தமே மேல் எண். இருதயம் விரிந்து இளைப்பாறும்போது இருப்பது கீழ் எண். பச்சிளங் குழந்தைக்கு மேல் எண் ஏறக்குறைய 70 அளவிலேயே இருக்கும். பிள்ளை வளர வளர அதுவும் உயரும். ஆகவே 13 வயதுக்குட்பட்டோர்க்கு வயது, உயரம், ஆணா பெண்ணா என்பவற்றைப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

வளர்ந்தோர்க்கு 120/80-க்குக் கீழ் இருப்பது நலம். வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது இரத்தக் கொதிப்பு. முப்பது வயதானாலும் அறுபது வயதானாலும் இதில் வேறுபாடு இல்லை. முதுமையில் இரத்தக் குழாய்கள் விறைப்பதால் மேல் எண் ஏறுவது பலருக்கும் நேர்வதே. ஆனால் பலருக்கும் நேர்வதாலேயே அது தீங்கற்றது ஆகிவிடாது.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில், அவரது 62-ஆம் வயதில், அழுத்தம் 186/108 இருந்தது. அதைக் குறைக்க நல்ல மருந்து அந்நாளில் இல்லை. 1945 ஏப்ரல் 12-இல் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார். அன்று அவரது அழுத்தம் 300/190.

இன்று நமக்கு மருந்து உண்டு. 60 வயதைக் கடந்தோரின் மேல் எண்ணை மருந்தால் குறைத்தபோது பக்கவாதம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததை 1991-இல் வெளியான ஆய்வு காட்டியது. 80 வயதைக் கடந்தோரும் சிகிச்சையால் நலம் பெறுவர் என்பதை 2008-இல் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது. தளர்ந்த முதியோர்க்கு எழுந்து நிற்கையில் அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். அவர்களுக்கு எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை சில. அளக்குமுன் காப்பி, புகை தவிர்த்து, ஐந்து நிமிடம் சாய்ந்து அமைதியாக உட்காருவோம். உப்பை நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், நிறுத்துவோம். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் உள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். தினமும் நடப்போம். உடம்பு சுகமாயிருக்கிறதே என்று மாத்திரையை நாமாக நிறுத்த வேண்டாம். இந்நோய் பெரும்பாலும் அறிகுறி காட்டாது.

"வயதானால் இப்படித்தான்" என்று நம் தாய் தந்தையரை விட்டுவிடாமல், இந்த ஆண்டிலேயே அழைத்துச் சென்று அளந்து பார்ப்போம். இன்னும் பல திருவிழாக்களுக்கு அவர்கள் நம்மோடு வர வேண்டும் அல்லவா?